பழகியது வேறு, அறிந்தது வேறு

(வடபகுதிக் கல்லூரியொன்றிலே முதலாம் ஆண்டு மாணவர்க்கென நடத்தப்பெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இக்கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலிலே எனக்கு இரண்டு தலைப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. முற்பகலிலே தொழில்நுட்பத்தால் விளையும் ஆபத்துகளைப் பற்றிப் பேசவேண்டும்; பிற்பகலிலே கற்கும் முறையைப் பற்றிப் பேசவேண்டும். இரண்டையும் ஒரே உரையிற் சேர்த்துப் பேச அனுமதி கேட்டேன். அமைப்பாளர்கள் அன்போடு இசைந்தனர். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு நான் இவ்வாறு கேட்கவில்லை. இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்பது என் துணிபு. பெரிய இயந்திரங்கள் மனித உயிரைக் குடித்த வரலாறுகளை எடுத்து ஆராய்வோமாயின், அவற்றுட் பலவற்றின் அடியிலே, கற்றவர்களின் கற்கும் பழக்கத்திலிருந்த ஒரு குறையைக் காண்கிறோம். பழகிய ஒன்றை அறிந்த ஒன்றாக எண்ணிக்கொள்ளுதலே அக்குறை. அதனை விளக்குவதே இன்று என் கடமை.

பரீட்சையிற் சித்தி எய்தியவர்க்கு

நீங்கள் யாவரும் க. பொ. த. உயர்தரப் பரீட்சையைத் தாண்டி வந்தவர்கள். அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்தீர்கள் என்பதை நான் அறிவேன். இங்குள்ள பெற்றோரும் அறிவர். விடியற்காலையிலே தனியார் வகுப்பு, பகலிலே பாடசாலை, மாலையிலே மீண்டும் தனியார் வகுப்பு. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தல். குறிப்புக் கொப்பியிலே வர்ணக் கோடிட்டுப் பலமுறை வாசித்தல். இதனை இகழ்ந்து பேச நான் வரவில்லை. வறிய கமக்காரன் வீட்டுப் பிள்ளையும் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளையும் இம்மண்டபத்துக்கு வந்து சேர்ந்தமைக்கு அவ்வுழைப்பே காரணம். ஆயினும், அம்முறையிலே மறைந்து கிடக்கும் ஒரு மயக்கத்தை நீங்கள் இன்றே கண்டுகொள்ள வேண்டும்.

2006ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகள் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியை வாசித்தபின் மீண்டும் ஒருமுறை வாசித்தனர். மற்றொரு பகுதியை வாசித்தபின் தாளை மூடிவைத்து, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் வாசித்த பகுதியிலே நூற்றுக்கு 81 வீதமும், மூடிவைத்து எழுதிய பகுதியிலே 75 வீதமும் நினைவில் இருந்தன. ஆகவே மீண்டும் வாசித்தலே நன்று என்று முடிவு செய்யத் தோன்றும். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மீண்டும் வாசித்ததில் 42 வீதமே எஞ்சியிருந்தது. மூடிவைத்து எழுதியதில் 56 வீதம் எஞ்சியிருந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது மறதியைப் பற்றிய செய்தியாக மட்டும் இருந்திருக்கும். அவர்கள் நடத்திய இரண்டாவது சோதனையே என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு வாரத்தின் பின் எவ்வளவு நினைவில் இருக்கும் என்று மாணவர்களையே கேட்டார்கள். பலமுறை வாசித்தவர்களே மிகுந்த நம்பிக்கையோடு விடை சொன்னார்கள். ஒரு வாரத்தின் பின் அவர்களே மிகக் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பக் கண்ணிற் பட்ட பக்கம் பழகிவிடுகிறது. பழகிய பக்கம் தெரிந்த பக்கம் போலத் தோன்றுகிறது. அத்தோற்றம் நம்மை ஏமாற்றுகிறது. பரீட்சை மண்டபத்திலே இந்த ஏமாற்றத்தின் விலை சில புள்ளிகள். அம்மண்டபத்தை விட்டு வெளியேறி, வைத்தியசாலைக்கும் தொழிற்சாலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நீங்கள் பொறுப்பேற்கும்போது இதன் விலை என்ன?

திரையிலே தோன்றிய 54

1980களிலே கனடாவின் அணுசக்தி நிறுவனம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென ஓர் இயந்திரத்தைச் செய்தது. தெரக் 25 என்பது அதன் பெயர். இதற்கு முந்திய இயந்திரங்களிலே, கதிர்வீச்சு அளவு மீறாதவாறு தடுப்பதற்கு இரும்பாலும் மின்சுற்றாலும் ஆன பூட்டுகள் இருந்தன. புதிய இயந்திரத்திலே அப்பூட்டுகளை நீக்கிவிட்டு, அவற்றின் வேலையைக் கணனியின் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய இயந்திரத்தின் மென்பொருட் பகுதிகள் புதியதிலும் பயன்பட்டன. "ஆண்டுக்கணக்காக ஓடிய மென்பொருள் ஆயிற்றே, அதில் என்ன பிழை இருக்கப் போகிறது?" என்ற எண்ணம் அதனோடு கூடவே வந்தது. உண்மை யாதெனில், அப்பிழை பழைய இயந்திரத்திலும் இருந்தது. அங்கே இரும்புப் பூட்டு அதனை மறைத்துக் காத்து நின்றது. பூட்டு நீங்கியதும் பிழை வெளிப்பட்டது.

1985 யூன் முதல் 1987 ஜனவரி வரையிலே ஆறு நோயாளர்கள் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களுட் சிலர் அதனாலேயே இறந்தார்கள். 1986 மார்ச்சிலே ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரிலே நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை இயக்கியவர் சிகிச்சை வகையைக் குறிக்கும் எழுத்தைத் தவறாகப் பதிந்துவிட்டார். உடனே அதனைக் கண்டு திருத்தினார். பழகிய கையாதலால் திருத்தம் சில விநாடிகளில் முடிந்தது. அவ்வளவு விரைவாகச் செய்யப்பட்ட திருத்தத்தை இயந்திரத்தின் மென்பொருள் முழுமையாக உள்வாங்கவில்லை. திரையிலே எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இயந்திரம் பிழையான நிலையில் நின்றது. விசையை அழுத்தியதும் திரையிலே "கோளாறு 54" என்று ஒரு வரி தோன்றியது. அதன் பொருளை இயக்குநர் கைந்நூல் விளக்கவில்லை. இத்தகைய வரிகள் அடிக்கடி தோன்றும். விசையை மீண்டும் அழுத்தினால் இயந்திரம் ஓடும். அதுவே அங்கு பழகிப்போன வழக்கம். அவர் மீண்டும் அழுத்தினார். உள்ளே நோயாளி வேதனையால் துடித்துக்கொண்டிருந்தார். அறையைக் காட்டும் ஒளிப்படக் கருவி அன்று இணைக்கப்படாமல் இருந்தது; ஒலி கேட்கும் கருவி பழுதுபட்டிருந்தது.

நிறுவனத்தார் வந்து பார்த்து, இவ்வியந்திரம் அளவு மீறிக் கதிர்வீச இயலாது என்று கூறிச் சென்றனர். ஏப்பிரலிலே அதே இடத்தில் இரண்டாம் விபத்து நடந்தது. அதன்பின் அவ்வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அதே இயக்குநரும் இயந்திரத்தின் முன் அமர்ந்து, அன்று எந்த விசை முதலில், எந்த விசை பின்னர், எவ்வளவு விரைவாக என்று நினைவுகூர்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஈற்றிலே, அக்கோளாறைத் தாம் விரும்பியபோதெல்லாம் வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிழை அகப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர்கள் "இயலாது" என்று சொன்ன ஒன்றை, கவனமாக நினைவுகூர்ந்த இருவர் செய்து காட்டினார்கள்.

மாணவர்களே, இதிலே இருவகைக் கற்றலைக் காண்கிறீர்கள். 54 என்ற எண்ணைப் பலமுறை கண்டு அதற்குப் பழகிப்போதல் ஒருவகை. அவ்வெண் எப்போது, எதனால் வருகிறது என்று நினைவிலிருந்து மீட்டுச் சோதித்தல் மற்றொரு வகை. முன்னது உயிரைக் குடித்தது. பின்னது உயிரைக் காத்தது.

முன்பும் ஒன்றும் நடக்கவில்லையே!

அதே 1986ஆம் ஆண்டின் ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73ஆம் விநாடியிலே சிதறி, ஏழு பேரும் மாண்டனர். பக்கத்திலிருந்த உந்துகணையின் பொருத்துகளை அடைத்து நின்ற இறப்பர் வளையம் குளிரிலே இறுகித் தன் வேலையைச் செய்யாமையே காரணம்.

இது எவரும் எதிர்பாராத விபத்தா? அன்று. முந்திய பறத்தல்களிலும் அவ்வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. முதன்முறை அதனைக் கண்டபோது பொறியியலாளர் திடுக்குற்றனர். விண்ணோடம் பத்திரமாகத் திரும்பிவிட்டது. இரண்டாம் முறையும் திரும்பிவிட்டது. பலமுறை அவ்வாறு நடந்தபின், ஆபத்தின் அறிகுறியாயிருந்தது வழமையான ஒரு குறிப்பாகிவிட்டது. ஏவுதலுக்கு முந்திய இரவிலே, உந்துகணையைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள், 53 பாகை பாரன்ஹீற்றுக்குக் கீழ் ஏவவேண்டாம் என்று வாதாடினார்கள். 53 பாகையே அதற்குமுன் அவர்கள் கண்ட மிகக் குளிர்ந்த பறத்தல். ஏவிய நேரத்துக் காற்றின் வெப்பநிலையோ 36 பாகை. மேலிடத்தார் ஒருவர், பொறியியலாளன் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளன் தொப்பியை அணிந்துகொள்ளும்படி தம் சக அதிகாரியிடங் கூறினார். முடிவு மாறியது.

விசாரணைக் குழு கண்ட ஒரு செய்தி மாணவராகிய உங்களுக்கு மிகவும் பயன்படும். வளையம் பழுதுற்ற பறத்தல்களின் வெப்பநிலையை மட்டும் எடுத்துப் பார்த்தால், குளிருக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பழுதுறாத பறத்தல்களையும் சேர்த்துப் பார்த்தாலோ உண்மை பளிச்சென்று தெரிந்தது. 66 பாகையும் அதற்கு மேலுமான 20 பறத்தல்களிலே மூன்றில் மட்டுமே பழுது. 63 பாகையும் அதற்குக் கீழுமான நான்கு பறத்தல்களிலே நான்கிலும் பழுது. உண்மையைச் சொல்லும் எண்கள் அவர்கள் கையிலே இருந்தன. அவற்றுட் பலவற்றைத் தாளில் இடாமையால் உண்மை மறைந்தது.

அவ்விசாரணைக் குழுவிலே நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் றிச்சார்ட் பெயின்மன் இருந்தார். குளிர்நீர்க் குவளையிலே வளையத்தின் துண்டொன்றை அமிழ்த்தி, அது மீள விரியாமையை எல்லார் முன்னிலையிலும் காட்டியவர் அவரே. அவரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1950களின் தொடக்கத்திலே அவர் பிரேசில் நாட்டிற் பௌதிகங் கற்பித்தார். அங்குள்ள மாணவர்கள், குறித்த கோணத்திலே தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடையும் என்ற விதியைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார்கள். சன்னலுக்கு வெளியே கடல்நீரிலே தெறிக்கும் ஒளி அவ்விதிக்கு உட்பட்டதே என்று கேட்டபோதோ, அவர்களுக்கு அது தோன்றவில்லை. விதி மனத்தில் இருந்தது. கடலும் கண்முன் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டும் இல்லை. மனனப் படிப்பின் வெறுமையைப் பிரேசிலிற் கண்டவரே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் விண்ணோட விபத்தின் காரணத்தை மேசைமேற் காட்டினார். என் இரு தலைப்புகளும் ஒன்றென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

புரியாத மொழியிலே பாதுகாப்பு

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு, இந்தியாவின் போபால் நகரிலே, பூச்சிகொல்லித் தொழிற்சாலையொன்றிலிருந்து மெதைல் ஐசோசயனேற்று என்னும் நச்சுவாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்களை வாரிக்கொண்டு போனது. உடனடியாக இறந்தோர் தொகை அரசின் முதற் கணக்கின்படி 2,259. பின்வந்த கணக்குகள் அதனினும் மிகப் பெரியவை. நச்சுத் தாங்கியைக் குளிர்விக்கும் பொறி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்கென இணைப்புக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் நின்றபோது, "இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே" என்ற அதே சமாதானம்.

இங்கே நம்மவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்தொழிற்சாலையின் இயக்கக் கைந்நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கு வேலை செய்த தொழிலாளருட் பலருக்கு அம்மொழியிலே போதிய தேர்ச்சி இல்லை. எந்த வால்வை எப்போது மூடவேண்டும் என்ற அறிவு அலுமாரியிலே புரியாத மொழியில் அடுக்கப்பட்டிருந்தது. தொழிலாளி மற்றவன் செய்ததைப் பார்த்துப் பழகினான். பார்த்துப் பழகியவனுக்கு வழமையான நாளிலே குறையில்லை. வழமை குலைந்த நாளிலே அவனுக்குத் துணை யார்?

நம் நாட்டுக்கு வரும் இயந்திரங்களும் மருந்துகளும் பூச்சிகொல்லிகளும் பெரும்பாலும் பிற நாடுகளிற் செய்யப்பட்டவை. அவற்றைப் பற்றிய அறிவை மக்களின் மொழியிலே சொல்லவல்லவர் இல்லாதவிடத்து, ஆபத்து அரைப்பங்கு அப்பொழுதே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவிலிருந்து வந்தவராயினும், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அது மொழிக்குச் செய்த தொண்டு மட்டுமன்று. நோயாளியின் பாதுகாப்புக்குச் செய்த தொண்டுமாகும்.

நம் கிணற்றின் அடியிலே

இவையெல்லாம் வேற்று நாட்டுக் கதைகள் என்று பின்வரிசையிலுள்ள பெரியோர் எண்ணக்கூடும். ஆகவே நம் வீட்டுக் கிணற்றடிக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகிறது; அதுவே நம் குடிநீர், நம் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீர். அந்நன்னீர், கடலிலிருந்து நிலத்தின் கீழ் ஊடுருவியுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் அதனைத் தாங்கி நிற்கும் என்பது பௌதிக விதி. இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி நிலையாகத் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உவர் காலப்போக்கிலே நாற்பது அடி மேலேறி வரும்.

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே இயற்கையான பூட்டாக இருந்தது. 1950கள் முதல் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவை கமக்காரனின் முதுகை நிமிர்த்தின, விளைச்சலைப் பெருக்கின. அவற்றைக் குறைகூறுபவன் துலா மிதித்தறியாதவனாகவே இருப்பான். ஆயினும் பழைய பூட்டு நீங்கியபோது அதற்கு ஈடாகப் புதிய பூட்டு ஒன்றை, அதாவது அளந்து இறைக்கும் அறிவை, நாம் போதியவாறு பூட்டவில்லை. நீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஆகவே என்றும் ஊறும் என்று எண்ணினோம்.

பசளையின் கதையும் இதுவே. மெல்லிய மண்ணினூடும் வெடிப்புள்ள கல்லினூடும் பசளையின் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்குகிறது, மலக்குழிகளிலிருந்தும் இறங்குகிறது. குடிநீரிலே ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலே அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் பலவற்றை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையின் பாலிலே அந்நீர் கலக்கும்போது, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து குடிக்கும் கிணறு" என்பது பழக்கம். வருடம் ஒருமுறை நீரைச் சோதித்து எண்ணை எழுதி வைத்தல் அறிவு. பெற்றோரே, இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் உங்கள் பிள்ளைகள் இங்கே கற்கப் போகிறார்கள்.

விடை தரும் இயந்திரம்

இன்று உங்கள் கைப்பேசியிலேயே ஓர் ஆசிரியன் அமர்ந்திருக்கிறான். எதைக் கேட்டாலும் ஒழுங்கான வசனங்களிலே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நமக்குப் புதிய உதவி. அதனை நான் விலக்கச் சொல்லவில்லை. ஆயினும் 2023ஆம் ஆண்டிலே நியூ யோர்க் நகரில் நடந்ததை நினைவில் வையுங்கள். சட்டத்தரணிகள் இருவர், சட்ஜிபிடி என்னும் அவ்வகை இயந்திரம் எழுதிக்கொடுத்த முன்தீர்ப்புகளைத் தம் வாதத்திற் சேர்த்து நீதிமன்றத்துக்குக் கொடுத்தனர். அத்தீர்ப்புகள் உலகில் எங்கும் இல்லாதவை. அவை மெய்யானவையா என்று அவர்களுள் ஒருவர் அந்த இயந்திரத்தையே கேட்டிருந்தார். மெய்யானவையே என்று அது விடை கூறியிருந்தது. சட்டநூலைத் திறந்து பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார்.

சரளமான எழுத்தும் பழகிய பக்கத்தைப் போன்றதே. தடையின்றி ஓடுவதால் அதனை உண்மை என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. இயந்திரம் எழுதித்தந்த விடையைத் தாளை மூடிவிட்டு உங்கள் சொல்லிலே எழுத இயலாவிட்டால், அது உங்கள் அறிவில் இன்னும் சேரவில்லை.

என் செய்தல் வேண்டும்?

ஆபத்துகளைச் சொல்லி அச்சமூட்டிவிட்டுப் போவது முறையாகாது. ஆகவே நாளை காலையிலிருந்தே செய்யத்தக்க ஐந்து செயல்களைக் கூறுகிறேன்.

முதலாவது: வாசித்தபின் நூலை மூடிவைத்து எழுதுங்கள். அன்றே ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரங் கழித்து மற்றொரு முறை. எழுத இயலாமற் போன இடமே நீங்கள் படிக்கவேண்டிய இடம். இது மீண்டும் வாசிப்பதினும் கடினம். மனத்துக்கு இன்பமும் தராது. கடினமாயிருத்தலே அதன் பயன்.

இரண்டாவது: ஐயங்களுக்கென ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத சொல், காரணம் தெரியாத விதி, ஆய்வுகூடத்திலே எதிர்பாராது வந்த அளவீடு, யாவற்றையும் திகதியிட்டு எழுதுங்கள். கோளாறு 54ஐ அப்படி எழுதிவைத்துக் கேட்டுத் துருவும் பழக்கமே பின்னொரு நாள் உயிர் காக்கும்.

மூன்றாவது: எந்த எண்ணையும் அலகின்றி எழுதாதீர்கள். 1999 செப்டெம்பரிலே செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலமொன்று அழிந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவினர் இறாத்தல் அளவையிலே கொடுத்தனர். மற்றொரு குழுவினர் அதனை நியூற்றன் அளவை என எண்ணிப் பயன்படுத்தினர். அலகு எழுதாத மாணவனுக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர் அற்பர் அல்லர்.

நான்காவது: காட்டப்பட்ட எண்களைப் பார்க்கும்போது, காட்டப்படாத எண்களைக் கேளுங்கள். புதிய விதையால் விளைந்தவன் பேசுகிறான். விளையாதவர் எத்தனை பேர்? பழுதுற்றவற்றைக் காட்டுகிறார்கள், பழுதுறாதவை எங்கே?

ஐந்தாவது: கற்றதை உங்கள் வீட்டிலே தமிழில் விளக்குங்கள். இலத்திரனைத் தாய்க்கும், நைத்திரேற்றைத் தந்தைக்கும், மென்பொருளைப் பாட்டிக்கும் விளக்க முயலுங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி, உங்கள் அறிவின் ஓட்டையைக் காட்டும். அவர்களும் தம் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் வேண்டிய அறிவைப் பெறுவர்.

விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விளங்கவில்லை என்று எழுந்து நிற்கும் மாணவனை வகுப்பின் நடுவே நகையாடி அமர்த்தாதீர்கள். இன்று உங்கள் முன்னே கேள்வி கேட்க அஞ்சுபவன், நாளை மேலதிகாரியின் முன்னே "இதை ஏவலாகாது" என்று சொல்லவும் அஞ்சுவான். முந்திய இரவிலே அவ்வாறு சொன்ன பொறியியலாளர்கள் சிலராவது சலஞ்சரின் வரலாற்றிலே இருந்தார்கள். அவர்களைக் கேட்டவர்தாம் இல்லை. சொல்பவரும் கேட்பவரும் கல்லூரியிலேதான் உருவாகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கற்கும் இயந்திரங்கள் எவையும் உங்கள் நற்சான்றிதழைப் பார்த்து நடப்பவை அல்ல. நீங்கள் எதை உண்மையில் அறிந்திருக்கிறீர்களோ அதற்கே அவை அடங்கும். நம்முடைய சமூகம் சிறியது. அழிவுகள் பலவற்றைக் கண்டு தேறி வந்தது. ஒரு வைத்தியரின், ஒரு பொறியியலாளரின், ஒரு விவசாயப் போதனாசிரியரின் கவனக்குறைவைத் தாங்கும் வசதி அதற்கு இல்லை. உங்களைப் படிக்க வைக்கும் பொருட்டுத் தோட்டத்தை ஈடு வைத்தவர்களும், வெளிநாட்டிலே இரவு வேலை செய்து பணம் அனுப்பும் தமையன்மாரும் தமக்கைமாரும் உங்கள் பின்னே நிற்கிறார்கள். அவர்கள் செலவிடுவது சான்றிதழுக்காக மட்டுமாக இருத்தலாகாது. இன்றிரவு வீடு சென்றதும், இங்கு கேட்டதைக் குறிப்பைப் பாராமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டவை எவை என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து உங்கள் படிப்பைத் தொடங்குங்கள்.